திங்கட்கிழமைகளில் பெய்த மழை

அக்டோபர் 13, திங்கள்

காலையில் வெயில். இரண்டு மணிக்குமேல் இடி, பிறகு மழை.

மழைப் புத்தகத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அன்று மழை பெய்யவில்லை என்று எடுத்துக்கொள்வதா, அன்று யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்வதா? எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க யோசித்தும் தெரியவில்லை. சில எழுத்தர்கள் மழையில்லாத நாளுக்கு ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். சிலர் ஒன்றுமே போடவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில், சில இடங்களில் ஒரே பக்கத்தில்.

வேலை: வெலிமடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மழைப் புத்தகங்கள், பதினெட்டு. கொழும்பு அலுவலகம் (இனி கொ.அ.) பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறது. நான் தட்டச்சு செய்து, நாளுக்கு ஒரு வரி, தேதி, பக்கத்தில் மில்லிமீட்டர், என்று எழுத்துக் கோப்பாகத் திருப்பி அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிப்பதை விட்ட பிறகு இதுதான் பிழைப்பு.

நான் தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருள் பல்கலைக்கழகக் காலத்தில் பழகியது. தோற்றத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அதனிடம் இல்லாத வேலையை நாமே ஃபங்ஷனாக, சில வரிக் கட்டளைகளாக, எழுதிச் சேர்த்துவிடலாம், பிறகு அது கூடவே பிறந்ததுபோல் செய்யும். என் துவக்கக் கோப்பில் இருபத்து மூன்று இருக்கின்றன. பெயர்கள் தமிழில். அங்குலம்-மாற்று (பழைய புத்தகங்கள் அங்குலத்தில்). தேதி-அடுத்தது. வெற்று-நிரப்பு (காலிக் கட்டங்களுக்கு).

இன்று எல்லாவற்றையும் புது மடிக்கணினிக்கு மாற்றினேன். ஒரு கொக்கி மாட்ட மறந்துவிட்டது. கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் வெற்று-நிரப்பு தானாக ஓடவேண்டும் என்று சொல்லும் கொக்கி. அது இல்லாததால் ஓடவில்லை. காலிக் கட்டங்கள் திரையில் அப்படியே நின்றன. இத்தனை நாளில் முதல் தடவையாக அவற்றைப் பார்க்கிறேன்.

ஏழு வரிக்கு ஒன்று. ஒழுங்காக.

வாங்க: பேனா, டார்ச் பேட்டரி, அண்ணிக்குச் சேலை (கருநீலம் வேண்டாம் என்றார்), பால்மா.


அக்டோபர் 14, செவ்வாய்

மூடுபனி. பால்மா வாங்க மறந்து பிளேன்டீ.

கிழமை-எண்ணு என்று ஒன்று எழுதினேன். ஒன்பது வரி. கோப்பின் தலையிலிருந்து வரிவரியாக இறங்கும், நூறு மி.மீ. தாண்டிய நாள் என்ன கிழமை என்று பார்த்து எண்ணும், முடிந்ததும் நான் முதலில் நின்ற இடத்துக்கே திரும்பும். ஓடவிட்டது இரண்டு வருடத்துக்கு முன் முடித்துக் கொடுத்த கோப்பின்மேல். நான் பிறந்த தோட்டம், மடுல்சீமைப் பக்கம். முப்பத்தொரு வருடப் புத்தகங்கள்.

முதலில் பிழை. அடைப்புக்குறி ஒன்று குறைவு. பிறகு ஓடியது.

ஞாயிறு: ஒன்றுகூட இல்லை.
செவ்வாய் முதல் சனி வரை: எல்லாமாக நான்கு. தேதிகளைப் பார்த்தேன். தீபாவளிக்கு மறுநாள், பொங்கலுக்கு மறுநாள், இப்படியே நான்கும்.
திங்கள்: மிச்சம் அனைத்தும்.

மழைக்குக் கிழமை தெரியாது.

ஞாயிறு தோட்டத்து ஆபீஸ் பூட்டு. சனி காலையிலிருந்து மழைமானியில் விழுந்த தண்ணீர் திங்கள் காலை வரை அதிலேயே நிற்கும். திங்கள் ஏழு மணிக்கு ஊற்றி அளந்து, திங்கள் கட்டத்தில் எழுதுகிறார்கள். அது இரண்டு நாள் மழை. பண்டிகை சேர்ந்தால் மூன்று. ஞாயிறு கட்டம் காலி. அந்தக் காலியில் என் ஃபங்ஷன் 0 போட்டது. ஞாயிறு சொட்டு மழையில்லை, திங்கள் வானம் கிழிந்து ஊற்றியது என்று ஆகிவிட்டது.

ஏன் 0 போட்டேன்? கொ.அ. படிவம் காலிக் கட்டத்தை ஏற்காது, கோப்பு திரும்பி வந்துவிடும். இரண்டு தடவை வந்தது. எரிச்சலில் ஒரு பிற்பகலில் எழுதியது. பதினொரு வரி. எழுதியவர் ஒரு வரி விளக்கம் வைக்கலாம், கேட்டால் எடிட்டர் அதைக் காட்டும். கேட்டேன். "வெற்றுக் கட்டங்களில் 0 இடும்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். ஏன் என்று ஒரு சொல் இல்லை. ஃபங்ஷனையே கொ.அ.வுக்கும் அனுப்பிவைத்தேன், தினம் வரும் அளவுகளுக்கும் உதவும் என்று. நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள்.

அந்தக் கோப்பை வைத்துத்தான் தோட்டத்துக்கு மண்சரிவு அபாய அளவு போட்டார்கள். கணக்கு எளிது. ஒரே நாளில் 150 வரை பெய்தும் அந்த மலை அசைந்ததில்லை. ஆகவே 150. கீழ்ப்பிரிவில், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பலகை: "ஒரு நாள் மழை 150 மி.மீ. தாண்டினால் சங்கு ஊதப்படும். உடனே லயத்தைவிட்டு வெளியேறவும்."

மலை தாங்கிய 150 ஒரே நாளில் விழுந்த மழை இல்லை.

முந்திய நாளும் அளந்து எழுதியிருக்கிற நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்தேன். அவற்றில் ஆகப் பெரியது 92. ஒரே நாளில் அதற்குமேல் பெய்தால் அந்த மலை என்ன செய்யும் என்று புத்தகங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பலகையிலிருந்து ஐந்தாம் நம்பர் லயம் கூப்பிடு தூரம். தொழிலாளர் வீடுகள், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பரா. நான்காவது காம்பராவில் ராஜாத்தி அண்ணி, அண்ணன் போன பிறகு தனியாக.

சாப்பிடவில்லை. பசிக்கவுமில்லை.


அக்டோபர் 15, புதன்

மழை இல்லை. துணி காய்ந்தது.

கொ.அ.வுக்கு நான்கு தடவை அழைத்து ஐந்தாவதில் கிடைத்தது. பொறுப்பாக இருப்பவர் இளைஞர், மரியாதையான பேச்சு. நி. என்று குறிக்கிறேன். சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது, அவ்வளவு பொறுமை.

"மிஸ், நீங்க சொல்றது வெளங்குது. ஆனா ரிப்போர்ட் சைன் பண்ணியாச்சு."

"அப்போ பலகை?"

"பலகைய மாத்தணும்னா மூணு டிப்பார்ட்மென்ட் ஒப்பம் வைக்கணும். நீங்க ஒரு கடிதமா எழுதி அனுப்புங்க. தீபாவளி முடிய மீட்டிங் ஒண்டு இருக்கு, அதுல வைப்பம்."

"இது ஐப்பசி மழை. தீபாவளி முடியக் காத்திருக்காது."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்கட டேட்டாதானே மிஸ்," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினார்.

குறைந்தது அங்கே ஓடும் ஃபங்ஷனையாவது நிறுத்தச் சொன்னேன். அதை இப்போது அவர்களுடைய சிஸ்டத்துக்குள் யாரோ எழுதிச் சேர்த்துவிட்டார்களாம். அந்த ஆள் லீவில்.

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் மனைவி ஷரீனா படியில் நிறுத்தினார். "என்ன மிஸ், மொகம் இப்படி? யாராச்சும் மௌத்தா?"

இன்னும் இல்லை என்று சொல்ல வந்தது. தலைவலி என்றேன்.


அக்டோபர் 16, வியாழன்

ஆறரை பஸ். பசறை தாண்டியதும் பாதைக்கு மண் விழுந்து ஒருபக்கம் மூடல். நடத்துநர்: "எல்லாரும் எறங்கி நடங்க, பஸ் வெறுமனே வரட்டும், பாரம் கொறையும்." இறங்கி நடந்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முத்தையா அண்ணன் தோட்டத்து ஆபீசில் தப்பால்காரர். கடிதம் கொண்டுபோவது, மழைமானி அளப்பது, எழுத்தரையாவுக்குத் தேநீர். சிறுவயதிலிருந்து தெரியும். ஆபீஸுக்குப் பின்னால் கம்பி வேலி, அதற்குள் மானி, வேலிக்கு ஒரு பூட்டு.

கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை யார் அளப்பது?

"ஞாயித்துக்கெழம யாரும்மா பாக்குறது? அது என்ன பால்மாடா, தெனம் கறக்குறதுக்கு?"

"அப்போ திங்கட்கிழமை எழுதும்போது ரெண்டு நாளைக்குன்னு குறிக்கலாமே."

"எங்க குறிக்கிறது? ஒரு நாளைக்கு ஒரு கட்டம். தொர காலத்துல போட்ட கோடு. ஓரத்துல கிறுக்குனா எழுத்தரையா கொல்லுவாரு." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தப்பா?" என்றார்.

உங்கள் தப்பில்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

"நாப்பது வருசமா எழுதுறாங்க. இத வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான்."

நான் படித்தவள். நான் இரண்டு வருடத்துக்கு முன்பு கேட்டிருக்கவேண்டும். பதுளையிலிருந்து ஒரு பஸ்.

இப்போதெல்லாம் அளவைப் போனிலும் கொழும்புக்கு அனுப்புகிறாராம், காலை ஏழு மணிக்கு; 150 தாண்டினால் அந்தச் சிஸ்டமே இங்கே சங்கை ஊதவைக்கும். இந்த ஞாயிறும் அளப்பீர்களா என்றேன். வேலிப் பூட்டின் திறப்பு எழுத்தரையாவிடம். அவர் சனி மத்தியானம் பண்டாரவளைக்கு வீட்டுக்குப் போனால் செவ்வாய்தான். ஞாயிறு விடுமுறை, திங்கள் தீபாவளி. மூன்று நாள் ஒரே கட்டத்தில்.

அண்ணி கொழுந்து நிறுத்துவிட்டு வந்தார். வாசலில் நின்ற இரண்டு பெண்களிடம், "இதுதான் எங்க நாத்தனா. அந்தச் செவப்புப் பலகையில இருக்குல்ல நம்பரு, அது இவ போட்டது. கம்பியூட்டர்ல."

"அடியே, இவங்களா?" என்றாள் ஒருத்தி. என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள்.

உள்ளே வந்ததும் சொன்னேன். நம்பர் பிழை. என் பிழை. அண்ணி கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. எங்கயும் போயி சொல்லிப்புடாத."

"சொல்லத்தானே வேணும் அண்ணி."

"சாந்தி. ரெண்டு வருசமா நான் தல நிமிந்து நடக்குறது ஒன்னாலதான். ஒங்கண்ணன் இருக்கும்போதுகூட இப்புடி இல்ல. பிழைன்னா திருத்து. ஊரக் கூட்டிச் சொல்லாத."

திருத்து. எதை?

அடுப்பங்கரைச் சுவரில் விரிசல். எப்போதிருந்து என்றேன். போன மாசியிலிருந்து என்றார், பிறகு, இல்லை, அதற்கும் முன்பு என்றார்.


அக்டோபர் 17, வெள்ளி

தூறல்.

வெற்று-நிரப்பை அழித்தேன். இடத்தில் புதிது: வெற்று-குறி. காலிக் கட்டத்தில் "பா.வி." என்று போடும். பார்க்கவில்லை. அடுத்து வரும் அளவின் பக்கத்தில் அது எத்தனை நாளுக்குரியது என்று எண்ணி எழுதும். இந்தத் தடவை விளக்கம் ஒன்பது வரி. ஃபங்ஷனைவிட நீளம்.

மூன்று நாள் மழையை மூன்றாகப் பிரிக்க ஒரு ஃபங்ஷன் எழுதிப் பார்த்தேன். பிரிக்கமுடியாது. 164 இருந்தால் அதை 55, 55, 54 என்று எழுதலாம், அழகாக இருக்கும், அதுவும் பொய். தெரியாததைத் தெரியாது என்று எழுத மட்டும்தான் முடிகிறது. அதை எழுதினால் கோப்பு திரும்பி வரும்.

எடிட்டரில் செய்த எதையும் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே போகலாம், கோப்பு திறந்த கணம் வரைக்கும். மூடிச் சேமித்தால் அது போய்விடும். இதைத் தத்துவமாக எழுத விருப்பமில்லை. அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

கொ.அ.வுக்குக் கடிதம், ஒன்றரைப் பக்கம். திருத்திய கோப்பு இணைத்து. பதில்: தானாக வரும் பதில். விடுமுறை, 22இல் பார்க்கப்படும்.

பிரதேச அலுவலகத்துக்கும் போனேன். கரும்பலகையில் விடுமுறை அறிவித்தல். இருந்த ஒரே பெண்மணி தோட்டப் பெயரைக் கேட்டதும், "அதுக்குப் பலகை போட்டாச்சே மிஸ்," என்றார். திருப்தியாக.

ஷரீனாவிடம் பால்மா டின் ஒன்று கேட்டேன், வெறும் டின். அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கவேண்டும் என்றேன்.

"டின்னுக்கும் இவ்வளவு கண்டிஷனா? மாப்பிள்ளக்கிக்கூட ஒருத்தரும் இப்படிக் கேக்கல்ல."

நான் சிரித்தேன். அது எனக்கே வியப்பு.


அக்டோபர் 18, சனி

பகல் பஸ்ஸில் தோட்டம். பஸ் நிறையக் கொழும்புக் கடைகளில் வேலைசெய்யும் பிள்ளைகள், பட்டாசுப் பெட்டி, புது உடுப்புப் பை. வருடத்தில் லயம் நிரம்பி வழிவது இந்த மூன்று நாள்தான். ஐந்தாம் லயத்தில் வழக்கமாக முப்பது பேர். இன்று எண்ணினேன். அறுபத்தொன்று.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே, மரம் மறைக்காத இடத்தில், மூன்று கல்லுக்கு நடுவே டின்னை வைத்தேன். விழுந்த தண்ணீரின் உயரம்தான் மழை, அளக்கப் பள்ளிக்கூட அடிமட்டம் போதும்.

"என்னா டீச்சரக்கா, கோழிக்குத் தண்ணியா?" அடுத்த காம்பரா செல்வம். கொழும்பில் துணிக்கடை.

"மழை அளக்க."

"அளந்து என்னா பண்ணப் போறீங்க, கிலோ என்னா வெல?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பையன். எனக்காகப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, மாடு தட்டாமல் இருக்கச் சிவப்புத் துணி கட்டினான்.

மாலையிலிருந்து மழை.


அக்டோபர் 19, ஞாயிறு

காலை ஏழு. டின்: 41. ஊற்றிவிட்டு வைத்தேன்.

மானி வேலிக்குள் அந்த 41 அப்படியே நிற்கிறது. யாரும் பார்க்கவில்லை.

நாள் முழுக்க முறுக்கு, அதிரசம். அண்ணி பிழிய நான் எடுத்துப்போட்டேன். எண்ணெய் வாசம், வெளியே மழைச் சத்தம், பக்கத்துக் காம்பராவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப. நான்கு மணிக்கு முத்தையா அண்ணன் குடையோடு வந்தார். ஏதாவது செய்யலாமா என்று கேட்க. பண்டாரவளைக்குப் போன் எடுத்தாராம். பூட்டை உடைத்தால் வேலை போய்விடும் என்று எழுத்தரையா சொல்லிவிட்டார்.

"ஒடைக்கட்டுமா?" என்றார். அவருக்கு ஓய்வுக்கு எட்டு மாதம்.

வேண்டாம் என்றேன். உடைத்து அனுப்பினாலும் ஒரு நாளில் 150 தாண்டினால்தான் சங்கு. அந்த எண்ணை வைத்தது நான்.

அவர் முறுக்கு தின்றுவிட்டுப் போனார்.


அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடிய முன்னே எண்ணெய்க் குளியல். "மொதல்ல தல முழுகு. மழ எங்கயும் ஓடிப்போவாது," அண்ணி.

ஏழு மணி. டின்: 97.

மூன்று தடவை அளந்தேன். அடிமட்டத்தைத் துடைத்துவிட்டு நான்காவது. 97.

பீலித் தண்ணீர் கலங்கி, தேநீர் நிறம்.

அண்ணியிடம் சொன்னேன்: இது புத்தகத்தில் இல்லாத மழை. எல்லோரும் மேட்டுக் கோயில் மண்டபத்துக்குப் போகவேண்டும், இன்றும் இரவும்.

"பலகையில நூத்தம்பதுன்னுல்ல போட்டிருக்கு."

"பலகை பிழைன்னு சொன்னேனே."

"சரி, எனக்குச் சொன்ன. நான் வாறேன். மத்தவங்களுக்கு என்னான்னு சொல்லுவ?"

உண்மையைச் சொல்வேன் என்றேன். அண்ணி ஈரத் தலைமுடியை முடிந்துகொண்டார். பிறகு, தானே வெளியே போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எதிர்பார்க்கவில்லை.

லய வாசலில் நின்று சொன்னேன். எனக்குக் குரல் போதாது, வகுப்பறையில்கூட. ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன், பூட்டைச் சொன்னேன், 0 போட்டதைச் சொன்னேன். நான் போட்ட எண் பிழை என்று சொன்னபோது அண்ணி தரையைப் பார்த்தார்.

கேட்டவை, ஞாபகமிருக்கிற வரையில்:

"அப்ப ரெண்டு வருசமா பொய்யான பலகைக்கா கும்புடு போட்டோம்?"

"முந்தி நூத்தம்பதுன்னாங்க, இப்ப தொண்ணூறுன்னு சொல்றாங்க, நாளைக்கு அம்பதும்பாங்க."

"சங்கு ஊதட்டும், போவோம். ஊதலியே."

"கறி அடுப்புல கெடக்குடி, நீ வேற."

செல்வம்: "டீச்சரக்கா, மண்ணு சரியிறதுன்னா இந்நேரம் நம்ம பட்டாசுக்கே சரிஞ்சிருக்கும்." ஒரு வெடி கொளுத்திப் போட்டான். ஈரத்தில் புஸ்.

பூசைக்கு எப்படியும் கோயிலுக்குப் போனார்கள், எல்லோரும், புதுச் சேலையில், குடைகளின் கீழே. ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை லயம் காலி. மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சரிந்தால் நல்லது என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவைக்கிறேன். பன்னிரண்டுக்கு எல்லோரும் சாப்பிட இறங்கிவிட்டார்கள்.

அண்ணியும் இறங்கினார். "நான் மட்டும் ஒக்காந்திருந்தா அதுங்க என்னா நெனைக்கும்? ஒன்னையில்ல பேசும்."

நானும் இறங்கினேன். காரணம் எழுத விருப்பமில்லை.

மாலை ஐந்து. இன்னும் மழை, மெல்லியதாக. விரிசலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.


அக்டோபர் 21, செவ்வாய்

நடந்தது.

இரவு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் தூங்கவில்லை. விரிசல் பென்சில் கோட்டில்தான் நிற்கிறது. பீலித் தண்ணீர் பாதி தெளிந்தது.

ஏழு மணி, டின்: 26. எட்டு மணிக்கு நல்ல வெயில். இந்த மாதத்தில் இப்படி ஒரு வெயில் இல்லை. லயத்துக் கூரையெல்லாம் ஆவி. பெண்கள் மூன்று நாள் துணியைத் துவைத்துத் தேயிலைச் செடிகளின்மேல் விரித்தார்கள்.

எழுத்தரையா காலை பஸ்ஸில் வந்து வேலியைத் திறந்திருக்கிறார். முத்தையா அண்ணன் அளந்திருக்கிறார். மூன்று நாளும் சேர்த்து 161. செவ்வாய்க் கட்டத்தில் எழுதி, போனிலும் அனுப்பியிருக்கிறார். கூடவே "மூணு நாளுக்கு" என்றும் எழுதினாராம். அந்தச் சிஸ்டம் எண்ணை மட்டும் எடுக்கும். ஞாயிறு 0, திங்கள் 0, செவ்வாய் 161.

பத்தே காலுக்குச் சங்கு ஊதியது.

மூன்று நிமிடம். முகத்தில் வெயில், வானத்தில் மேகமில்லை, சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. துணி விரித்துக்கொண்டிருந்த ஒருத்தி கையில் பாவாடையோடு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு செல்வம் தன் குடையை எடுத்து வந்து, வெயிலில் விரித்துப் பிடித்து, "ஓடுங்க, ஓடுங்க," என்று லயத்தை ஒரு சுற்று ஓடினான். குழந்தைகள் பின்னால். பத்துக் காம்பராவும் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நானும் அங்கேதான் நின்றேன்.

ஒருவரும் வெளியேறவில்லை. இனி எப்போது ஊதினாலும் வெளியேறமாட்டார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. சங்கு நிற்கும் வரை இருந்துவிட்டு, "ஒங்க மழ இப்பத்தான் வந்து சேந்துச்சா?" என்றார். கேலியா என்று தெரியவில்லை.

பதினொன்றுக்கு முத்தையா அண்ணன் ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். வியர்த்திருந்தது. "நான் அனுப்புனதுக்கா ஊதுனாங்க?" இல்லை என்றேன். நான் அனுப்பியதற்கு, அந்தப் பதினொரு வரிக்கு.

நி. குறுஞ்செய்தி: "சிஸ்டம் வேலை செய்துள்ளது மிஸ். அனைவரும் பாதுகாப்பாக வெளியேறினார்களா?"

இரண்டரை பஸ். புறப்படும்போது டின்னைத் தேடினேன், மூன்று கல்லும் குச்சியும் மட்டும் இருந்தன. ஞாயிறுகளில் அளக்க அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருந்தேன். அண்ணி பையை என் கையில் தந்தார். "பஸ்ஸுல தொறக்காத, நமுத்துப் போயிரும்."

பதுளையில் இறங்கும்போது தூறல். பையைத் திறந்தேன். டின்னைக் கழுவித் துடைத்து, வாய்வரை முறுக்கு அடுக்கி, பொலித்தீன் போட்டு நூலால் இறுகக் கட்டியிருக்கிறார்.

மேசைமேல் இருக்கிறது. வெளியே மழை கனத்துவிட்டது.